யானைத்தீ: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கருவேப்பிலங்குறிச்சி என்று சொல்லும்போதே தாளிப்பு வாசனை வந்துவிடுகிறது. 'கறிவேப்பிலை' என்று எழுதுவதே சரி என்பார்கள் தமிழாசிரியர்கள். ஊர்ப்பலகை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் மாலை நாலு மணிக்கு இந்த ஊரில் இறங்குகிறவருக்கு, மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும், பஜ்ஜிச் சட்டியின் வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். காலைத் திருப்பியது வயிறு இல்லை. மூளை.

இதைச் சொன்னால், 'நாக்கைக் கட்டத் தெரியாதவன் சொல்லும் சாக்கு' என்று சிரிப்பார்கள். ஆனால் பழைய தமிழ்க் காப்பியம் ஒன்று அப்படிச் சிரிக்கவில்லை. மணிமேகலையில் வரும் காயசண்டிகை, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அதை உண்ணக் காத்திருந்த விருச்சிக முனிவர் சபிக்க, யானைத்தீ என்னும் அடங்காப் பசி அவளைப் பிடிக்கிறது. எவ்வளவு உண்டாலும் தீராத அந்தப் பசியை, காப்பியத்தைப் பாடிய சாத்தனார் நோய் என்றே வைத்தார். பெருந்தீனிக்காரி என்று அவளை ஏசவில்லை.

அறிவியல் அந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. 1940-இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன், ரான்சன் இருவரும் எலியின் மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியின் நடுப்பாகத்தைச் சிதைத்தார்கள். எலிகள் கொழுத்தன. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதன் மறுபாதியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்மவர்: லாகூரில் பிறந்த பால் கிருஷ்ண ஆனந்த். ஜான் புரோபெக்குடன் சேர்ந்து அவர் ஹைப்போதலாமஸின் இரு பக்கவாட்டிலும் ஒரு துளி இடத்தை அழித்தார். எலிகள் சாப்பிடுவதையே நிறுத்தின. சுற்றிலும் தீனி கிடக்க, பட்டினியில் செத்தன. பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவர் இவர்தான்.

'பசி மையம், நிறைவு மையம்' என்று பாடப்புத்தகங்கள் இதை இரண்டு சுவிட்சாகச் சொல்லிவந்தன. இன்று தெரிவது அவ்வளவு எளிமையாக இல்லை. ஹைப்போதலாமஸின் அடியில் பசியைத் தூண்டும் நரம்பணுக்களும் அடக்கும் நரம்பணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பசி நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டினால், வயிறு நிறைந்த எலியும் சில நிமிடத்தில் மறுபடி வேட்டையாடுவதுபோல் தின்னத் தொடங்குகிறது. அந்த எலியிடம் போய் மன உறுதி வேண்டும் என்று யார் சொல்வது?

கீழே உள்ளவை அளவு மீறி உண்பவர்களுக்கும், உண்ண மறுப்பவர்களுக்கும், முக்கியமாக அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும். செய்யக்கூடாதவற்றை முதலில் வைத்திருக்கிறேன். நம் வீடுகளில் அவைதான் முதலில் நடக்கின்றன.

செய்யக்கூடாதவை

திட்டாதீர்கள். 'மாடு மாதிரி தின்னுது', 'இன்னும் கொஞ்ச நாள் போனா வாசக்கால்ல நுழைய முடியாது', 'பொண்ணு பார்க்க வர்றாங்க, கொஞ்சம் வாயைக் கட்டுடி'. அக்கறையில்தான் சொல்கிறோம் என்பார்கள். அவமானமும் மன அழுத்தத்தின் ஒரு வகைதான். அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். பலருக்கு அது இனிப்பையும் கொழுப்பையும் நோக்கித் தள்ளும். விளைவு, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டவர் இனி யாரும் பார்க்காதபோது சாப்பிடுவார். அடுப்படியில் விளக்குப் போடாமல், பாத்திரச் சத்தம் கேட்காமல். நோய் முற்றுவது அங்கேதான்.

இது மேல்நாட்டு வியாதி, நம் ஊரில் ஏது என்று நினைக்கவும் வேண்டாம். சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் என்ற மூன்று ஆய்வாளர்கள் சென்னையில் மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. உணவையும் உடல் எடையையும் பற்றிய நோய்த்தன்மையுள்ள தவிப்பு 31 பேரிடம் இருந்தது. ஏறக்குறைய ஏழில் ஒருவர். இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு முன் எடுத்த கணக்கு இது.

பட்டினி போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அதிகம் தீங்கு செய்வது இதுதான்.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. முழுப் பட்டினிகூட இல்லை. நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்று பல எடைக்குறைப்பு அட்டவணைகள் இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் கால்பங்கு போனது. எடை போனதைவிட விசித்திரம் மனதில் நடந்தது. அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைக் கதைப்புத்தகம்போல் படித்தார்கள். தட்டிலிருந்ததை மணிக்கணக்காக வைத்து அளைந்தார்கள். எரிச்சல், சோர்வு, தனிமை. ஒளிந்து வாங்கித் தின்றுவிட்டு அழுதவர்களும் உண்டு. சோதனை முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோது பலர் வயிறு வெடிக்கும் அளவுக்குத் தின்றும் 'பசி போகவில்லை' என்றார்கள். அதற்கு முன் அவர்கள் யாருக்கும் உணவுக் கோளாறு இருந்ததில்லை. பட்டினிதான் அதைக் கொண்டுவந்தது.

காரணம் இப்போது தெரியும். உடற்கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து 'இருப்பு இவ்வளவு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதை 1994-இல் கண்டது. கடுமையாகக் குறைத்துச் சாப்பிட்டால், கொழுப்பு கரைவதற்கு முன்பே லெப்டின் சரிந்துவிடும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. உடல் எரிக்கும் சக்தியைக் குறைக்கிறது, பசியை ஏற்றுகிறது, உணவின் மீதான கவனத்தைக் கூட்டுகிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காயோடு ஓட்டியவர் ராத்திரி பத்து மணிக்குச் சோற்றுப் பானையோடு உட்காருவது ஒழுக்கக் குறைவு இல்லை. மூளை தன் வேலையைச் செய்கிறது.

அப்படியானால் குண்டானவர்களுக்கு லெப்டின் குறைவா? இல்லை, கூடுதல். மாசிமகத் திருவிழாவின்போது விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள்: முதல் நாள் ஒலிபெருக்கி காதைப் பிளக்கும், மூன்றாம் நாள் அது பாடுகிறதா இல்லையா என்றே தெரியாது. நாளெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் லெப்டினை மூளையும் அப்படித்தான் கேட்காமல் விட்டுவிடுகிறது.

விரதத்துக்கு நான் எதிரி இல்லை. சஷ்டியும் ஏகாதசியும் ரமலானும் கோடிக்கணக்கானவர்களுக்கு எந்தக் கேடும் செய்வதில்லை. ஆனால் அடிக்கடி கட்டுமீறித் தின்பவருக்கும், தின்றதை வாந்தியெடுப்பவருக்கும் விரதம் நோய்க்கு ஒரு முகமூடியாகிவிடும். 'சாமிக்கு' என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக்கூடாது.

பசி டானிக்கை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். 'பையன் சாப்பிடவே மாட்டேங்குறான், நல்லா பசி எடுக்குற மாதிரி ஏதாவது கொடுங்க' என்றால் கைக்கு வரும் சிரப்புகள் பலவற்றில் சைப்ரோஹெப்டடின் இருக்கும். அது சத்து மருந்து அல்ல. மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் வேலையைத் தடுத்துப் பசியைத் தூண்டும் மருந்து. தூக்கம் வரும். நிறுத்தினால் பசியும் பழையபடி போகும். பையன் ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இதற்கு மறுதலையும் உண்டு. ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகளும், ஸ்டீராய்டு மாத்திரைகளும் பசியைக் கூட்டக்கூடியவை. எடை ஏறுகிறதே என்று ஓலன்சபினைத் தானாக நிறுத்தினால் போன நோய் திரும்பிவரும். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் 'பசி தாங்க முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாற்று உண்டு.

வாந்தியெடுத்தோ பேதி மாத்திரை போட்டோ ஈடுகட்டாதீர்கள். தின்றதையெல்லாம் வாந்தி வெளியேற்றிவிடுவதில்லை. பேதி மாத்திரை வெளியேற்றுவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். கூடவே பொட்டாசியம் போகிறது. பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, இருபது வயதுப் பெண்ணும் சுருண்டு விழலாம். 1979-இல், கட்டுமீறித் தின்றுவிட்டு இப்படி ஈடுகட்டும் நோய்க்கு புலிமியா நெர்வோசா என்று பெயரிட்ட ஜெரால்ட் ரஸல், விரல் முட்டியில் பல் பதிந்த தழும்பையும் குறித்துவைத்தார். தொண்டையில் விரல் விட்டு விட்டு ஏற்படும் தழும்பு அது. பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பல்லைப் பற்றி எளிதாகச் சொல்லலாம்: மேல்பூச்சு போன பீங்கான் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வயிற்று அமிலம் பல்லின் பூச்சை அரிக்கிறது. சூளையில் வைத்துத் திரும்பப் பூச முடியாது. வாந்தியெடுத்த உடனே பல் தேய்த்தால் இளகிய பூச்சும் சேர்ந்து போகும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரைமணியாவது பொறுங்கள்.

எடைக்குறைப்பு ஊசியை நண்பர் சொன்னார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். டிர்செபடைட், செமாகுளுடைட் எடைக்குறைப்பு ஊசிகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. உணவுக்குப்பின் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடித்து, மூளையின் நிறைவுச் சுற்றுகளைத் தொடுபவை இவை. தகுந்தவருக்கு நல்ல மருந்து, நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே பட்டினி கிடந்து மெலிபவர் கையில் இது கிடைத்தால் கத்தியைக் கொடுத்த மாதிரி.

மெலிந்துபோனவருக்கு வாயில் திணிக்காதீர்கள். பல வாரம் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் எலும்பாகிப்போன பிள்ளையை, 'இன்னிக்கு சாப்பிடறாளே' என்ற சந்தோஷத்தில் வயிறு முட்ட ஊட்டிவிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அனோரெக்ஸியா என்னும் உண்ண மறுக்கும் நோயில் இப்படி மெலிந்தவருக்கு முதல் சில நாள் உணவு, மருத்துவமனையில் அளந்து ஏற்ற வேண்டியது.

குழந்தையிடம் 'தட்டை வழிச்சுட்டுத்தான் எழுந்திரிக்கணும்' என்று நிற்காதீர்கள். போதும் என்று அதன் மூளை சொல்வதை அதுவே கேட்காமல் விடப் பழக்குகிறீர்கள். 'கீரை சாப்பிட்டா சிப்ஸ் வாங்கித் தர்றேன்' என்பதும் வேண்டாம். கீரை தண்டனை, சிப்ஸ் பரிசு என்று ஒரே வாக்கியத்தில் பாடம் நடத்திவிடுகிறீர்கள்.

செய்ய வேண்டியவை

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மூன்று வேளை, நடுவில் தேவையானால் சின்னதாக ஏதாவது. இவ்வளவுதானா என்று தோன்றும். கட்டுமீறி உண்ணும் நோய்க்கு நிரூபிக்கப்பட்ட பேச்சு சிகிச்சையின் முதல் படியே இதுதான். எடைக்குறைப்பைப் பற்றி அந்தக் கட்டத்தில் பேசவே மாட்டார்கள்.

ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் கண்ட கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்கிறது. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது ஏறும். நாலு மணி டீக்காரருக்கு நாலு மணிக்கு. பதினொரு மணி வடைக்காரருக்குப் பதினொரு மணிக்கு. நேரம் நிலையாக இருந்தால் பசியும் வந்து போகும் நேரம் தெரியும். நேரம் தாறுமாறானால் எப்போதும் லேசான பசி, எப்போதும் ஏதாவது கொறிப்பு.

இங்கே வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. காலையில் எல்லாருக்கும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தான் ஒரு டம்ளர் காப்பி. மத்தியானம் மாமனார், பிள்ளைகள், அப்புறம் மூன்று மணிக்கு மிஞ்சியது. ராத்திரி எல்லாரும் படுத்தபின் தனக்கென்று ஒரு நேரம் கிடைக்கிறது. அப்போது கை நிற்பதில்லை. ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் 1955-இல் 'இரவு உண்ணும் நோய்க்குறி'யை விவரித்தார்: காலையில் பசியின்மை, இரவில் அளவு மீறிய உணவு, தூக்கக் கெடுதி. எல்லா வீட்டிலும் இது நோயாகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'அம்மா, முதல்ல நீங்க உட்காருங்க' என்று சொல்வதும் செய்ய வேண்டியவற்றில் ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் சொன்னால் போதாது, தினமும்.

மெதுவாகச் சாப்பிடுங்கள். சிறுகுடலில் கொழுப்பும் புரதமும் வந்து சேர்ந்தபின்தான் கோலிசிஸ்டோகைனின் போன்ற நிறைவுச் செய்திகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு ஏறும். அதற்குச் சுமார் இருபது நிமிடம் பிடிக்கும். பந்தியில் அடுத்த ஆள் பின்னால் வந்து நின்றுகொண்டிருக்க, ஏழு நிமிடத்தில் இலையை மடக்குகிறவருக்கு அந்தச் செய்தி கைகழுவும் இடத்தில்தான் கிடைக்கும்.

பந்தியைச் சொன்னதால் பாயசத்தையும் சொல்லிவிடுகிறேன். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று சுற்று முடிந்து 'அப்பாடா, இனிமே ஒரு பருக்கை இறங்காது' என்றவர், பாயசம் வந்ததும் 'கொஞ்சமா ஊத்துங்க' என்பார். பொய் சொல்லவில்லை. ஒரு சுவையைத் தின்னத் தின்ன அந்தச் சுவையின் மீதான இன்பம் மட்டுமே மூளையில் குறைகிறது. புதுச் சுவை வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1981-இல் காட்டியது இது. வகை கூடினால் அளவும் கூடும். கல்யாண வீட்டில் அதைக் கடைப்பிடிக்கச் சொல்லி உங்களை வதைக்க மாட்டேன். வீட்டில் சாதாரண நாளில் ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர் போதும்.

முந்திரி டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய சோதனை என்று தெரியும். ஆராய்ச்சி நிலையமே ரகம் ரகமாக முந்திரி வெளியிடும் ஊர். நூறு கிராமில் 550 கலோரிக்கு மேல். முந்திரியைக் குறைசொல்ல வரவில்லை, அதை மேசைமேல் கிண்ணத்தில் வைப்பதைத்தான் சொல்கிறேன்.

டோபமைன் என்றால் இன்ப ரசாயனம் என்று சினிமாப் பாட்டு ரேஞ்சுக்குப் போய்விட்டது. அது முழு உண்மை இல்லை. கென்ட் பெரிட்ஜ் காட்டியது வேறு: டோபமைனை ஏறக்குறைய இழந்த எலியும் நாக்கில் சர்க்கரை வைத்தால் ரசித்து நக்குகிறது; ஆனால் அதை எழுந்து தேடிப்போவதில்லை. டோபமைன் 'பிடிக்கிறது' அல்ல, 'வேண்டும்'. மேலும் அது பண்டத்தைவிடப் பண்டத்தின் அறிகுறிக்கே அதிகம் துள்ளக் கற்றுக்கொள்கிறது: பொட்டலம் பிரியும் ஓசை, தாளிப்பு வாசனை, கடையின் மஞ்சள் விளக்கு. பாதிப் பொட்டலத்துக்கு மேல் மிக்சர் ருசிக்கவில்லை என்று தெரிந்தும் கை போய்க்கொண்டே இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ரசிப்பு முடிந்தும் வேண்டல் முடியவில்லை. அதோடு சண்டை போடுவதைவிட அறிகுறியை அப்புறப்படுத்துவது எளிது.

கொழுப்பும் மாவும் சேர்ந்த பண்டங்களில் கூடுதல் கவனம். அதே கலோரியில் கொழுப்பு மட்டும் உள்ளதை, மாவு மட்டும் உள்ளதை, இரண்டும் கலந்ததை மனிதர்களுக்குக் காட்டி மூளையைப் படம் எடுத்தார்கள். கலந்ததற்குத்தான் மூளை மிகுதியாகத் துள்ளியது. 2018-இல் வந்த ஆய்வு. இயற்கையில் அந்தச் சேர்க்கை அரிது, தாய்ப்பாலைத் தவிர. நம்மிடம் முந்திரி கேக், பரோட்டா, ஜாங்கிரி என்று வரிசையாக இருக்கிறது.

பொட்டல உணவைக் குறையுங்கள். கெவின் ஹாலின் 2019 சோதனையில் 20 பேர் மருத்துவமனையில் தங்கி, இரண்டு வாரம் தொழிற்சாலை உணவும் இரண்டு வாரம் எளிய சமையலும் விருப்பப்படி உண்டார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். ஆனாலும் தொழிற்சாலை உணவு நாட்களில் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது.

தூங்குங்கள். சூளை எரியும் இரவில் கண்விழிப்பவர்களுக்கும், நெய்வேலியில் மூன்றாம் ஷிப்டு பார்ப்பவர்களுக்கும் இது எரிச்சல் தரும் அறிவுரை, தெரிந்தேதான் சொல்கிறேன். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, பசி 24 சதவீதம் கூடியது. இரண்டே இரவில். எனவே ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவருக்கு இனிப்பு கேட்கிறது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போகும்போதே வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது, நடுராத்திரிக் கடை புரோட்டாவுக்கு ஓரளவு மாற்று. திரும்பியதும் கதவைச் சாத்தி, அறையை இருட்டாக்கி, போனை வெளியே வைத்துவிட்டுப் படுப்பது இன்னொன்று.

ஒரு நோட்டில் எழுதுங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம், அது வேறொரு பித்தாக மாறும். எத்தனை மணி, எங்கே, யாருடன், அதற்கு முன் என்ன நடந்தது, பசித்ததா. இரண்டு வாரத்தில் உங்களுக்கே தெரியும். பலருக்கு அது பசியின் நாட்குறிப்பாக இருக்காது. சண்டை, கடன் தவணை, தனிமை இவற்றின் நாட்குறிப்பாக இருக்கும்.

எப்போது நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளியன்று வயிறு முட்டத் தின்பது நோயல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் கட்டுமீறி உண்ணும் கோளாறைத் தனி நோயாக ஏற்றது. அளவு: வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு பெரிய அளவில் உண்பது. கூடவே இவற்றில் மூன்று: மிக வேகமாக உண்பது, வயிறு வலிக்கும் வரை உண்பது, பசியில்லாமல் உண்பது, வெட்கத்தால் தனியாக உண்பது, பிறகு தன்மீதே அருவருப்பு. ஆண்களுக்கும் வரும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும். எடை பார்த்து முடிவுகட்ட முடியாது.

போய்க் கேளுங்கள். 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம். 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல சேவை. நேரில் என்றால் கடலூர் அரசு மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, இன்னும் கொஞ்சம் போனால் புதுச்சேரி ஜிப்மர். 'பைத்தியக்கார டாக்டர்கிட்டயா' என்று பாட்டி கேட்பார். சர்க்கரைக்குப் போகிற மாதிரிதான் பாட்டி, இது மூளைக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள். போகும்போது மருந்துச் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். தைராய்டும் சர்க்கரையும் பார்ப்பார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுபவருக்குக் கை நடுக்கம், வியர்வையோடு வரும் வெறிப்பசி சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி. அதற்கு அப்போதே ஏதாவது இனிப்பு கொடுக்க வேண்டும், ஆராயக்கூடாது.

கடைசியாக, அரிதான ஒன்று. அரிது என்பதால்தான் தவறவிடப்படுகிறது. பால்குடி வயதிலேயே அடங்காத பசி, மளமளவென்று ஏறும் எடை, அம்மா அப்பா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால், குழந்தைநல மருத்துவரிடம் இந்த மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். பிராடர் வில்லி என்ற மரபணுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு, பிறந்தபோது பால் குடிக்கவே தெம்பில்லாமல் இருந்துவிட்டுச் சில ஆண்டில் ஓயாத பசி தொடங்கும். அந்த வீடுகளில் மட்டும் சமையலறைக்குப் பூட்டுப் போடுவதே மருத்துவர் சொல்லும் வழி. சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களில் தெரிய வந்தது வேறொரு கோளாறு: லெப்டினே சுரக்காத குறை. 1997-இல் இங்கிலாந்தில், பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தில், உறவுமுறைப் பிள்ளைகள் இருவரிடம் இதை முதன்முதலாகக் கண்டார்கள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ. இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. அதுவரை எத்தனை பேர் அந்தத் தாய்மார்களிடம் 'பிள்ளைக்கு இப்படியா கொடுப்பது' என்று கேட்டிருப்பார்களோ. பெண்ணுக்கு ஒன்பது வயதில் லெப்டின் ஊசி தொடங்கினார்கள். சில நாளிலேயே அவள் உணவைத் தேடி அலைவது குறைந்தது.